இலவச வைத்தியமும் ஏழையின் உளநோயும்: இலங்கையின் உளமருத்துவ வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

1. பிரச்சினையின் தன்மை

காய்ச்சலுக்கு வைத்தியரை நாடுவதும் மனம் பேதலித்தால் விதியை நோவதும் நமது சமூகத்தில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். இவ்வழக்கத்தை 'அறியாமை' என்ற ஒரு சொல்லால் விளக்கி அமைதி காண்போர் பலர். மக்களின் மூடநம்பிக்கையே அவர்களைச் சிகிச்சையிலிருந்து தூர நிறுத்துகின்றது என்பது படித்தோர் மத்தியில் பெருவழக்கான கருத்து. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயின் முழு உண்மை இதுவன்று. குறைந்த வருமானமுடைய குடும்பமொன்று தன் உறுப்பினர் ஒருவருக்கு உளச்சிகிச்சை தேடிப் புறப்படும்போது எதிர்கொள்ளும் தடைகள் பல. தூரம், நேரம், இழக்கப்படும் நாட்கூலி, மொழி, மருந்தின் விலை, சட்டம் பற்றிய அச்சம் ஆகியன அவற்றுட் சில. அறியாமை இவற்றோடு சேர்த்து எண்ணப்படவேண்டிய ஒன்றேயன்றி இவை அனைத்தையும் விளக்கும் திறவுகோலன்று.

இவ்விடயத்தில் இலங்கை தனிக்கவனத்துக்குரியது. 1951 முதல் அரச வைத்தியசாலைகளிற் கட்டணமின்றிச் சிகிச்சை வழங்கப்பட்டு வருவது இந்நாட்டு மக்கள் பெற்ற பேறுகளுள் ஒன்று. வருமானத்தில் தன்னை ஒத்த பல நாடுகளைவிட, ஆயுள் எதிர்பார்ப்பிலும் மகப்பேற்று மரணக் குறைப்பிலும் இலங்கை முன்னணியில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை யாவரும் ஏற்பர். அவ்வாறாயின் கட்டணம் இல்லாத ஒரு நாட்டில் உளநோயுற்ற ஏழை ஏன் சிகிச்சையின்றி இருந்தான்? இலவசமாகக் கிடைப்பது வேறு, ஏழைக்கு எட்டுவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலான இடைவெளி எவ்வாறு தோன்றிற்று, எக்காலங்களிற் சுருங்கிற்று, எக்காலங்களில் விரிந்தது என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உளநோய்களின் மருத்துவ இயல்பு பற்றி விரிவாகப் பேசுவது எமது நோக்கமன்று.

2. காவலாகத் தொடங்கிய வைத்தியம்

பிரித்தானியர் ஆட்சியின் முற்பகுதியில் உளநோயாளருக்கெனத் தனியான நிலையம் எதுவும் இந்நாட்டில் இருக்கவில்லை. ஹெந்தளையில் ஒல்லாந்தர் காலத்தில் நிறுவப்பட்ட தொழுநோயாளர் இல்லத்திலேயே அவர்களுட் சிலர் வைக்கப்பட்டனர். சமூகம் கண்ணிற்படாமல் அகற்ற விரும்பிய இரு சாராரும் ஒரே கூரையின் கீழ் வைக்கப்பட்டமை தற்செயலானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பொறளையிலும், 1880களிற் கறுவாத்தோட்டத்திலும், இருபதாம் நூற்றாண்டின் இருபதுகளில் அங்கொடையிலும் புகலிடங்கள் அடுத்தடுத்து எழுந்தன. ஒவ்வொன்றும் முன்னையதில் இடம் போதாமையாற் கட்டப்பட்டது. ஒவ்வொன்றும் சில ஆண்டுகளிலேயே நிரம்பி வழிந்தது.

இக்கட்டடங்களுக்குச் சட்ட அடிப்படையாக அமைந்தது 1873ஆம் ஆண்டின் முதலாம் இலக்கப் பித்தர் கட்டளைச் சட்டமாகும். அச்சட்டத்தின் நோக்கு கவனிக்கத்தக்கது. நோயாளி வைத்தியரிடம் செல்லும் வழியை அது வகுக்கவில்லை. சித்தசுவாதீனமற்றவர் எனச் சந்தேகிக்கப்படுபவரை மாவட்ட நீதிமன்றத்தின் முன் கொண்டுவருதல், விசாரித்தல், தடுத்து வைத்தல், அவரது சொத்துக்குப் பொறுப்பாளரை நியமித்தல் என்பனவற்றையே அது வகுத்தது. குடியேற்ற அரசின் கண்ணில் உளநோய் என்பது சுகாதாரப் பிரச்சினையாகவன்றிப் பொது ஒழுங்கின் பிரச்சினையாகவும் சொத்துரிமையின் பிரச்சினையாகவுமே தென்பட்டது எனலாம்.

இதன் விளைவுகள் வர்க்க அடிப்படையில் வேறுபட்டன. வசதி படைத்த குடும்பங்கள் நோயுற்றவரை வீட்டின் உள்ளறையில் வைத்துப் பராமரித்தன. வைத்தியரை வீட்டிற்கு அழைத்தன. அயலவர் அறியாமற் காத்தன. சொத்துப் பற்றிய சர்ச்சை எழுந்தாலன்றி அவை நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கவில்லை. தெருவில் அலைந்த ஏழையோ பொலிசாரின் கையில் அகப்பட்டு, நீதிமன்றத்தின் ஊடாகப் புகலிடத்தை அடைந்தான். வைத்தியத்தின் வாசலிற் பொலிஸ்காரன் நின்ற காலம் அது. ஏழை மக்கள் உளமருத்துவ நிலையங்கள் மீது கொண்ட அச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவோர் இவ்வனுபவத்தை மறந்துவிடுகின்றனர். அவ்வச்சம் அனுபவத்தின் வழிவந்தது.

1930களில் அங்கொடையின் நெருக்கடி பொதுவிவாதத்துக்குரியதாயிற்று. இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையின் அத்தியட்சகராயிருந்த எட்வேட் மபொதர் அரசினால் அழைக்கப்பட்டு இங்கு வந்து ஆய்வு நடத்தி, 1938இல் அறிக்கை சமர்ப்பித்தார். பெரும் புகலிடமொன்றில் அனைவரையும் அடைத்துவைக்கும் முறையை விடுத்து, வெளிநோயாளர் சிகிச்சையை ஏற்படுத்துதல், பொது வைத்தியசாலைகளோடு உளமருத்துவத்தை இணைத்தல், வைத்தியர்களுக்கு முறையான பயிற்சி அளித்தல் என்ற திசையில் அவரது சிந்தனை சென்றது. 1939இற் கொழும்புப் பொது வைத்தியசாலையில் உளநோயாளருக்கான வெளிநோயாளர் கிளினிக் தொடங்கப்பட்டது. பொலிசாரையும் நீதிமன்றத்தையும் இடையில் நிறுத்தாது ஒருவர் தானாக நடந்து சென்று வைத்தியரைக் காணும் வழி அப்போதுதான் திறந்தது. வரலாற்று நோக்கில் அங்கொடையின் பெருங்கட்டடங்களைவிட அச்சிறு கிளினிக்கே முக்கியத்துவம் வாய்ந்தது என்பது எமது கருத்து.

ஆயினும் அவ்வழி நீண்ட காலம் ஒற்றையடிப் பாதையாகவே இருந்தது. 1950களில் முல்லேரியாவில் மேலும் ஒரு பெரிய வைத்தியசாலை எழுந்தது. அங்கொடை, முல்லேரியா, ஹெந்தளை ஆகிய மூன்று உளநோய் வைத்தியசாலைகளும் கொழும்பின் அயலிலேயே அமைந்தன. சுதந்திரம் பெற்ற அரசும் குடியேற்ற அரசின் வரைபடத்தையே பின்பற்றியது.

3. மாத்திரையும் அதன் விலையும்

1952இற் பாரிசில் குளோர்ப்புரோமசீன் என்னும் மருந்து உளநோய்ச் சிகிச்சையிற் புகுத்தப்பட்டமை இத்துறையில் ஒரு திருப்பமாகும். அடுத்து வந்த பத்து ஆண்டுகளுக்குள் மனச்சோர்வுக்கும் மனப்பதற்றத்துக்கும் உரிய மருந்துகள் பல வெளிவந்தன. ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த ஒருவர் வீட்டிலிருந்தே மருந்துண்டு வாழலாம் என்ற நிலை உருவாயிற்று. 1960களின் பின்னர், சில வாரங்களுக்கு ஒருமுறை போடப்படும் ஊசிமருந்தும் வந்து சேர்ந்தது. நாள்தோறும் மாத்திரை விழுங்க மறுப்போருக்கும், அடிக்கடி பயணஞ் செய்ய வசதியற்றோருக்கும் இது பேருதவியாயிற்று.

சிகிச்சை புகலிடத்திலிருந்து விடுபட்டு மாத்திரைக்குள் வந்தபோது, சிகிச்சையின் அரசியலும் கட்டடத்திலிருந்து விலைக்கு மாறியது. இவ்வுண்மையை உலகறியச் செய்தது 1973இல் பிரித்தானிய ஏகபோகங்கள் ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கையாகும். லிப்ரியம், வாலியம் என்னும் அமைதி மாத்திரைகளைத் தயாரித்த றோஷ் நிறுவனம், அவற்றின் மூலப்பொருள்களைத் தனது பிரித்தானியக் கிளைக்கு முறையே கிலோ ஒன்றுக்கு 370 பவுண், 922 பவுண் என்ற விலைகளில் விற்றிருந்தது. மருந்துக் காப்புரிமை நடைமுறையில் இல்லாத இத்தாலியில் அதே பொருள்கள் முறையே 9 பவுணுக்கும் 20 பவுணுக்கும் கிடைத்தன. லிப்ரியத்தின் விலையை 1970ஆம் ஆண்டு விலையின் 40 வீதத்துக்கும், வாலியத்தின் விலையை 25 வீதத்துக்கும் குறைக்க வேண்டுமென ஆணைக்குழு பரிந்துரைத்தது. மனத்தின் அமைதி கூட ஏகபோக மூலதனத்தின் சந்தைப் பண்டமாகியிருந்தமைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வளம் மிக்க பிரித்தானியாவின் நிலை இதுவெனில் வறிய நாடுகளின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

இதே காலத்தில் இலங்கை மேற்கொண்ட முயற்சி உலக மருந்துக் கொள்கை வரலாற்றில் இடம்பெறும் ஒன்று. இந்நாட்டின் முதலாவது மருந்தியற் பேராசிரியரும் பேராதனை மருத்துவ பீடத்தின் முதலாவது பீடாதிபதியுமான சேனக பிபிலே, இடதுசாரித் தலைவரும் வைத்தியருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இற் சமர்ப்பித்த அறிக்கையின் அடிப்படையில் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. வணிகப் பெயர்களுக்குப் பதிலாக மருந்தின் பொதுப்பெயரைப் பயன்படுத்தல், உலகளாவிய கேள்விப்பத்திர முறையில் மொத்தமாகக் கொள்வனவு செய்தல், தேவையற்ற மருந்துகளை நீக்குதல் என்பன அதன் அடிப்படைகள். இறக்குமதி செய்யப்பட்ட ஏறத்தாழ 2,100 மருந்துகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. பிபிலே 1977இற் கயானாவிற் காலமானார். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. குளோர்ப்புரோமசீன், ஹலோபெரிடோல், அமிற்றிப்டிலின், லிதியம் முதலிய உளமருந்துகள் அதில் இடம்பெற்றன.

உளநோயாளியின் நிலையிலிருந்து நோக்குமிடத்து இம்முயற்சியின் பொருள் விளங்கும். தொற்றுநோய்க்கு ஒரு வாரம் மருந்துண்டாற் போதும். கடுமையான உளநோய்க்கோ ஆண்டுக்கணக்கில், சிலவேளை வாழ்நாள் முழுவதும் உண்ண வேண்டும். விலையில் ஏற்படும் சிறு வேறுபாடும் ஆண்டுகளாற் பெருக்கப்பட்டு ஏழைக் குடும்பத்தின் தலைமேல் விழுகின்றது. எனவே மருந்துக் கொள்கை எதனினும் முதலில் நன்மை பெறுபவரும், அது சீர்குலையும்போது முதலில் துன்புறுபவரும் நாட்பட்ட நோயாளரே. 1977இன் பின்னரான திறந்த பொருளாதாரச் சூழலில் தனியார் மருந்து வணிகமும் தனியார் மருத்துவமும் விரிந்தன. பிபிலேயின் கொள்கைகளைச் சட்டமாக்கும் கோரிக்கை பல பதின்மங்களாக எழுப்பப்பட்டு, 2015ஆம் ஆண்டின் ஐந்தாம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபை அமைக்கப்பட்டது. ஆயினும் 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது நின்றபோது அரச மருந்துச்சாலைகளிற் பல மருந்துகள் தீர்ந்தன. 'வெளியில் வாங்குக' என்று எழுதப்பட்ட மருந்துத் துண்டு இலவச வைத்தியத்தின் எல்லை எதுவென்பதைக் காட்டிற்று.

4. தூரம், நாட்கூலி, மொழி

கட்டணம் சிறிதாயினும் அது ஏழையைத் தடுக்கும் என்பதற்கு நமது வரலாற்றிலேயே சான்றுண்டு. 1971இல் வெளிநோயாளர் ஒவ்வொருவரிடமும் 25 சதம் அறவிடும் முறை புகுத்தப்பட்டது. வைத்தியசாலைக்கு வருவோர் தொகை குறைந்தது. 1977இல் அக்கட்டணம் கைவிடப்பட்டது. இருபத்தைந்து சதமே ஒருவரைத் தடுக்குமெனில் பஸ் கட்டணமும் ஒரு நாட்கூலியும் எத்துணைத் தடையாகும்?

மலையகத்தை எடுத்துக்கொள்வோம். தோட்டத் தொழிலாளரின் சுகாதாரம் நெடுங்காலமாகத் தேசிய சுகாதார சேவைக்கு வெளியே, தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கிய பின்னரும் இந்நிலை உடனே மாறவில்லை. தோட்ட வைத்தியசாலைகளை அரச சேவையுடன் இணைக்கும் பணி மிக மெதுவாகவே நடைபெற்றது. தோட்டத்து மருந்துச்சாலை காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்து கொடுத்தது. உளநோய்க்கு அங்கு இடமிருக்கவில்லை.

நாட்கூலி பெறும் தொழிலாளிக்கு வேலைக்குப் போகும் நாளே 'பேர்' விழும் நாள். உளநோயுற்ற மகனை நகரத்துக் கிளினிக்குக்குக் கூட்டிச்செல்லும் தாய்க்கு அன்றைய பேர் இல்லை. நோயாளி தனியே செல்ல இயலாதவராகையால் இருவருக்கும் பஸ் கட்டணம் வேண்டும். லயத்திலிருந்து பிரதான வீதிக்கு நடக்கும் தூரமும், வைத்தியசாலை வரிசையிற் காத்திருக்கும் நேரமும் சேர்ந்து ஒரு பகற்பொழுதை விழுங்கிவிடும். வைத்தியரைக் காண்பது சில நிமிடங்களே. மருந்துச்சாலையிற் பெறும் மாத்திரைகளுக்கு விலையில்லை. அவற்றைப் பெறுவதற்கு விலையுண்டு. கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி குறிக்கப்படும்போது அடுத்த நாட்கூலியின் இழப்பும் குறிக்கப்படுகின்றது. இவ்வாறு சில மாதங்கள் சென்றபின் நோயாளி சற்றே தெளிந்தவுடன் பயணம் நின்றுவிடும், நோய் மீளும். வைத்தியசாலைப் பதிவேடு இதனை 'நோயாளியின் ஒத்துழையாமை' என்று குறிக்கக்கூடும். உண்மையில் இது ஒரு குடும்பம் செய்த கணக்கு.

இத்துடன் மொழியும் சேர்கின்றது. உடைந்த எலும்பை மொழி தெரியாத வைத்தியரும் பொருத்தலாம். உளமருத்துவத்திலோ பேச்சே நோயறி கருவி. பேச்சே சிகிச்சையின் பாதி. மத்திய மலைநாட்டிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ கொழும்புக்கு அனுப்பப்பட்ட தமிழ் நோயாளி, தன் துயரைச் சொல்ல மொழிபெயர்ப்பவர் ஒருவரை, அது ஒரு சிற்றூழியராயினும், நம்பியிருக்க வேண்டியிருந்தது. நமது மக்கள் தமது துயரை நூல்களிலுள்ள சொற்களாற் கூறுவதில்லை. 'நெஞ்சு பாரம்', 'தலையிடி', 'உடம்பெல்லாம் எரிவு', 'யோசனை கூடிப்போச்சு' என்றே கூறுவர். இவற்றைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பின் நோயாளி இருதயப் பரிசோதனைக்கு அனுப்பப்படுவாரேயன்றித் துயருக்கு மருந்து பெறார். மொழியுரிமை என்பது அலுவலகப் படிவங்களோடு முடிவதன்று என்பதற்கு இது தக்க உதாரணம்.

5. ஊர் வைத்தியமும் கோயிலும்

நவீன சிகிச்சை எட்டாத இடத்தில் மக்கள் வெறுமனே இருக்கவில்லை. சித்த மருத்துவ மரபு உன்மாதம், கிரிகை முதலிய பெயர்களில் உளநோய்களை வகுத்து எண்ணெய், கசாயம், நசியம் முதலியவற்றால் வைத்தியஞ் செய்தது. மறுபுறத்தில் பார்வை பார்த்தல், நூல் கட்டுதல், கழிப்புக் கழித்தல், வைரவருக்கு மடை போடுதல், நேர்த்தி வைத்தல் என்பனவும் வழக்கிலிருந்தன. இவற்றை முற்றாக இகழ்தலும் முற்றாகப் போற்றுதலும் வரலாற்றுணர்வற்ற செயல்களாகும்.

நான்சி வக்ஸ்லர் என்னும் சமூகவியலாளர் 1979இல் வெளியிட்ட இலங்கை பற்றிய ஆய்வு இங்கு குறிப்பிடத்தக்கது. உளச்சிதைவு நோயுடன் வைத்தியசாலையிலிருந்து வெளியேறியவர்களை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த அவர், அவர்களது நிலை கைத்தொழில் வளர்ச்சி பெற்ற நாடுகளின் நோயாளரது நிலையைவிட மேம்பட்டிருந்தது எனக் கண்டார். குடும்பம் நோயாளியைக் கைவிடாமை, நோயாளி நிரந்தர நோயாளியாக முத்திரை குத்தப்படாமை ஆகியவை அவர் காட்டிய விளக்கங்கள். வேலூரில் 1957இல் தொடங்கப்பட்ட உளநல நிலையம், உறவினர் நோயாளியுடன் கூடவே தங்கிப் பராமரிக்கும் முறையை மேற்கொண்டு இக்குடும்ப ஆற்றலைச் சிகிச்சையின் அங்கமாக்கியது.

ஆயினும் 'குடும்பம் பார்த்துக்கொள்ளும்' என்ற வாசகம் அரசின் பொறுப்பின்மைக்குப் போர்வையாதல் எளிது. குடும்பம் என்று பொதுப்படக் கூறுகின்றோம். நடைமுறையில் அது ஒரு தாய், ஒரு மனைவி, அல்லது படிப்பை இடைநிறுத்திய ஒரு பெண்பிள்ளை. அவளது உழைப்புக்கு ஊதியமில்லை. அவளது சோர்வுக்குச் சிகிச்சையில்லை.

கோயிலும் தர்காவும் ஏழைக்கு மலிவான புகலிடமாக அமைந்ததன் கொடிய எல்லையைத் தமிழகத்தின் ஏர்வாடி காட்டிற்று. 2001 ஓகஸ்ட் 6ஆந் திகதி அங்கு உளநோயாளரைத் தங்கவைத்திருந்த தனியார் விடுதியொன்றில் தீப்பற்றியது. சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாத 28 பேர் மாண்டனர். குணப்படுத்தும் நம்பிக்கையோடு தர்காவை நாடி வந்தவர்களின் இல்லாமையைக் கொண்டு வாழ்ந்தவை அவ்விடுதிகள். சங்கிலியிட்டவரை மட்டும் குற்றஞ்சாட்டுவது எளிது. சங்கிலியைத் தவிர வேறெதனையும் அக்குடும்பங்களுக்கு எட்டத்தக்கதாக வைக்காத சமூக அமைப்பும் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியதே.

இங்கும் இடப்பெயர்கள் ஏச்சாகின. தெற்கில் அங்கொடை, யாழ்ப்பாணத்தில் மந்திகை என்ற ஊர்ப்பெயர்களே பித்துக்குச் சொல்லாயின. தன் ஊர்ப்பெயரே வசையாகிவிட்ட இடத்துக்கு எந்தத் தாய் மகளை விருப்போடு கூட்டிச் செல்வாள்? மணப்பேச்சுக் குலையும் என்ற அச்சமும் சிகிச்சையின் விலைகளுள் ஒன்று. பொது வைத்தியசாலையில் ஏனைய கிளினிக்குகளோடு கிளினிக்காக உளமருத்துவமும் நடைபெறுமாயின் இவ்விலை பெரிதும் குறையும். மபொதர் காலந்தொட்டு வலியுறுத்தப்பட்டு வந்த இணைப்பின் பயன் இதுவே.

6. சட்டம், நஞ்சு, மரணம்

1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 என்ற அளவை எட்டி உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாயிற்று. இறந்தோருட் பெரும்பகுதியினர் கிராமத்து வறியோர். கருவி பெரும்பாலும் வீட்டிலிருந்த பூச்சிநாசினி. அதே காலத்தில் தற்கொலை முயற்சி தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது. உயிர் தப்பியவர் வைத்தியசாலைக் கட்டிலில் வைத்தியருக்கு முன் பொலிசாருக்கு விளக்கமளிக்க நேர்ந்தது. 1998இற் சட்டத்திருத்தம் இக்குற்றத்தை நீக்கியது.

1995இல் மிகக் கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த பூச்சிநாசினிகளும் 1998இல் எண்டோசல்பானும் தடைசெய்யப்பட்டன. அடுத்த பத்து ஆண்டுகளுள் தற்கொலை வீதம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. 2008இன் பின் பரகுவாற் முதலியனவும் படிப்படியாக நிறுத்தப்பட்டன. பல்லாயிரம் உயிர்கள் இவ்வாறு காக்கப்பட்டன. இதற்காக எந்த ஏழையும் ஒரு சதமும் செலவிடவில்லை, ஒரு நாட்கூலியும் இழக்கவில்லை. உளநலக் கொள்கை என்பது வைத்தியசாலைச் சுவர்களுக்குள் அடங்குவதன்று என்பதை இது உணர்த்துகின்றது. எனினும் நஞ்சை அகற்றுதல் சாவைத் தடுக்குமேயன்றிச் சாக நினைத்த துயரை அகற்றாது. உயிர் தப்பியவருக்கு அடுத்த நாள் யாரிடம் பேசுவது என்ற கேள்வி எஞ்சியே நிற்கின்றது.

7. போரும் ஆழிப்பேரலையும்

இக்கேள்விக்கான விடைகளை நாடு தேடியது பெருந்துயர்களின் ஊடாகவே என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. வடக்கில் போர் தீவிரமடைந்த 1987இல் யாழ்ப்பாணத்திற் 'சாந்திகம்' என்னும் உளவளத்துணை நிலையம் தோன்றிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சார்ந்த உளமருத்துவர் தயா சோமசுந்தரமும் அவரோடு பணியாற்றியவர்களும், போரினால் உண்டான உளக்காயங்களை ஆராய்ந்து தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினர். வைத்தியர்கள் வெளியேறிக்கொண்டிருந்த, பாதைகள் அடைக்கப்பட்ட, மருந்துகள் கட்டுப்படுத்தப்பட்ட ஒரு சூழலில், ஆசிரியரையும் கிராமத்துத் தொண்டரையும் பயிற்றுவித்தலே இயலக்கூடிய வழியாயிற்று. இல்லாமையிலிருந்து பிறந்த இவ்வழி, இல்லாமை நீங்கிய பின்னரும் கைவிடத்தகாத வழி என்பதே எமது துணிபு. ஊரின் மொழியை அறிந்தவர், ஊரிலேயே இருப்பவர், பஸ் ஏறாமற் காணத்தக்கவர் என்ற மூன்று தகைமைகளும் அவரிடம் ஒருங்கே அமைந்துள்ளன.

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை இந்நாட்டில் முப்பத்தையாயிரம் பேரளவில் உயிர்களைக் கொண்டது. அவ்வேளையிற் கிழக்கு மாகாணத்தின் உளமருத்துவர்களை விரல்விட்டு எண்ணலாம். அழிவைத் தொடர்ந்து சமூக உதவி அலுவலர்களும், குறுகிய காலப் பயிற்சி பெற்ற உளநல மருத்துவ அலுவலர்களும் மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். 2005 ஒக்டோபரில் அமைச்சரவை அங்கீகரித்த தேசிய உளநலக் கொள்கை, சிகிச்சையைக் கொழும்பின் அயலிலிருந்து மாவட்டங்களுக்குப் பரவலாக்குவதை இலக்காகக் கொண்டது. மாவட்டந்தோறும் உளநோய் விடுதிகளும், ஆதார வைத்தியசாலைகளிலும் அதற்குக் கீழ்ப்பட்ட நிலையங்களிலும் கிளினிக்குகளும் பெருகின. 1938இற் கூறப்பட்டது ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின்னரே நாட்டின் மூலைகளை எட்டத் தொடங்கிற்று.

உலக அனுபவமும் இத்திசையையே காட்டுகின்றது. 1978 மே மாதத்தில் இத்தாலி, பிராங்கோ பசாலியாவின் இயக்கத்தைத் தொடர்ந்து, உளநோய்ப் புகலிடங்களை மூடும் சட்டத்தை இயற்றிற்று. அதே ஆண்டு செப்ரெம்பரில் அல்மா அட்டாவிற் கூடிய மாநாடு ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பை மக்களின் உரிமையாகப் பிரகடனஞ் செய்தது. ஆபிரிக்காவின் சிம்பாப்வேயில் 2006இல் தொடங்கப்பட்ட 'நட்பு வாங்கு' இயக்கம் இன்னுமொரு படி முன்னேறியது. உளமருத்துவர் டிக்சன் சிபாண்டாவின் முயற்சியில், சுகாதாரத் தொண்டர்களாயிருந்த மூதாட்டிகள் பயிற்றப்பட்டு, கிளினிக்கின் முற்றத்து வாங்கிலிருந்து, 'அதிகமாக யோசிப்பவர்களின்' பிரச்சினைகளைக் கேட்டு வழிகாட்டினர். சோனா மொழியில் மனச்சோர்வுக்குரிய சொல்லின் பொருள் அதிக யோசனை என்பதே. நமது ஊர்வழக்கும் அதுவே. 2016இல் வெளியான ஆய்வு இம்முறையின் பயனை உறுதிசெய்தது. இத்தகைய முறைகள் மனச்சோர்வுக்கும் மனப்பதற்றத்துக்கும் ஏற்றவை. கடும் உளநோய்களுக்கு மருந்தும் வைத்தியரும் இன்றியமையாதன. வாங்கைக் காட்டி வைத்தியரை மறுப்பதும், வைத்தியரைக் காட்டி வாங்கை இகழ்வதும் ஒருங்கே தவறாகும்.

8. முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஒரு உண்மை புலப்படும். உளச்சிகிச்சை ஏழைக்கு எட்டத்தக்கதாக மாறிய தருணங்கள் யாவும் அரசியல் தீர்மானத்தாலும் பொதுமுயற்சியாலும் உண்டானவை. 1939இன் கிளினிக், 1951இன் இலவச வைத்தியம், 1971இன் மருந்துக் கொள்கை, 1998இன் சட்டத்திருத்தம், 2005இன் பரவலாக்கம் என்பன தாமாக விளைந்த முன்னேற்றங்கள் அல்ல. தீர்மானத்தால் வந்தவை தீர்மானத்தாலோ தீர்மானமின்மையாலோ போகவும் கூடும். 2022இன் நெருக்கடி இதனை நினைவூட்டிற்று. பயிற்சி பெற்ற வைத்தியர்கள் மேலைநாடுகளுக்குப் புலம்பெயர்வதும், வசதியுள்ளோர் மாலையில் தனியார் நிலையங்களில் வைத்தியரைக் காண வசதியற்றோர் காலையில் வரிசையில் நிற்பதுமான இரட்டை ஒழுங்கு வளர்வதும் இலவச வைத்தியத்தை உள்ளிருந்து அரிக்கும் போக்குகளாகும். நடுத்தர வகுப்பினர் பொதுச்சேவையைவிட்டு விலகும்போது அச்சேவைக்காகக் குரல் கொடுப்போரும் விலகுகின்றனர்.

எனவே எந்த உளநலத் திட்டத்தையும் மதிப்பிடுவதற்கு ஓர் எளிய அளவுகோலை நாம் முன்வைக்க விரும்புகின்றோம். கட்டில்களின் தொகையோ கட்டடத்தின் மதிப்போ அல்ல. கொழுந்து பறிக்கும் ஒரு பெண், தன் பேரை இழக்காமல், தன் மொழியில், ஒரு மாதத்துக்குரிய மருந்தைப் பெற்று, பொழுது சாயுமுன் வீடு திரும்ப முடிகின்றதா என்பதே அவ்வளவுகோல். இதற்கு வேண்டியவை அதிசயங்கள் அல்ல. மாலையிலும் விடுமுறை நாளிலும் நடைபெறும் கிளினிக்குகள், தோட்டத்துக்கும் கரையோரக் கிராமத்துக்கும் மாதமொருமுறை வரும் நடமாடும் சேவை, தமிழறிந்த அலுவலரின் நியமனம், மருந்து கையிருப்பு பற்றிய பொறுப்பு, பராமரிக்கும் பெண்ணுக்கு ஓர் உதவித்தொகை ஆகியவை இந்நாட்டின் இயலுமைக்கு அப்பாற்பட்டவை அல்ல.

ஆய்வாளருக்கும் இதிற் பங்குண்டு. அங்கொடையின் வரலாறு ஆட்சியாளரின் அறிக்கைகளிற் கிடைக்கின்றது. அங்கு அனுப்பப்பட்ட மகனுக்காகக் காத்திருந்த குடும்பத்தின் வரலாறு எங்கும் எழுதப்படவில்லை. லயத்திலும் குடிசையிலும் இன்றும் உயிரோடுள்ள முதியோரின் நினைவில் அது இருக்கின்றது. அதனைக் கேட்டுப் பதிவுசெய்யும் பணி நமது பல்கலைக்கழக மாணவர் முன் உள்ளது. அவர்கள் அதனைத் தாமதிப்பின், கூறவல்லோர் எஞ்சியிரார்.